டீச்சருக்கு ஒரு ஷவர்

ஜூன் 3, செவ்வாய்

இன்றைக்கும் சோப்பு நுரை கண்ணில் போய்விட்டது. என் கண்ணில் இல்லை, என் மனைவி கண்ணில். முப்பது வருஷமாக ஊசியில் நூல் கோர்க்கிற கை இது. ஒருத்தி தலையில் ஒரு குவளைத் தண்ணீரை நேராக ஊற்ற வரவில்லை. "நீங்க குளிப்பாட்டுறீங்களா, செடிக்குத் தண்ணி ஊத்துறீங்களா?" என்று கேட்டாள். செடி எதிர்த்துப் பேசாது என்றேன். சிரித்தாள். கொஞ்ச நேரத்தில் அந்தச் சிரிப்பும் போய்விட்டது.

நாலு மாதம் ஆகிறது. பூகோளப் பாடம் நடத்திக்கொண்டிருந்தவள் கரும்பலகைக்கு முன்னாலேயே சரிந்துவிட்டாள். பக்கவாதம். பேச்சு பத்தே நாளில் திரும்பிவிட்டது, போனதைவிடக் கூடுதலாகவே திரும்பியது. இடது கால் மட்டும் லேசாக இழுக்கிறது. இடது கை தோளுக்கு மேல் ஏறாது, அந்தக் கையில் சூடு குளிர் எதுவும் சரியாகத் தெரியாது. மற்றபடி ஆள் பழைய ஆள்தான்.

துவட்டிவிட்டு நைட்டியை மாட்டும்போது, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "எனக்குக் கதவைச் சாத்திட்டுக் குளிக்கணும். ஒரே ஒரு தடவையாவது."

அவ்வளவுதான் கேட்டாள். வேறு எதுவும் கேட்கவில்லை. நாலு மாதத்தில் அவள் கேட்ட முதல் பொருள் இதுதான், அதுவும் ஒரு பொருளில்லை. எனக்கு மனசு கேட்கவில்லை. கடைக்குப் போய் ஒரு சட்டைக்கு இரண்டு முறை பட்டன் தைத்தேன்.

ஜூன் 4, புதன்

பயிற்சி கொடுக்க வாரம் இருமுறை வருகிற பிசியோதெரபிப் பெண்ணை வாசலில் மறித்துக் கேட்டேன். தாராளமாகத் தனியாகக் குளிக்கலாமாம். ஆனால் உட்கார்ந்து குளிக்க வேண்டும். திறப்பது மூடுவது எல்லாம் வலது கைக்கு எட்ட வேண்டும். தண்ணீர் திடீரென்று கொதிக்கக் கூடாது. வாளியும் குவளையும் சரிப்படாது, குனிந்து நிமிரும்போதுதான் விழுவார்கள், நல்ல ஷவராகப் பார்த்து வையுங்கள் என்றாள்.

இதென்ன பெரிய விஷயம்? ஒரு கடை, ஒரு ஷவர், ஒரு ஸ்பேனர். ஞாயிற்றுக்கிழமைக்குள் முடித்துவிடலாம்.

டீச்சரிடம் சொல்லவில்லை. (ஊரே அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடும். கோபம் வந்தால் நானும்.) திடீரென்று காட்டி அசத்த வேண்டும் என்று ஒரு ஆசை.

ஜூன் 6, வெள்ளி

பெரிய விஷயம்தான்.

கடைக்குள் நுழைந்தால் ஒரு சுவர் முழுக்க ஷவர். சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குக் கூரையிலிருந்து தொங்குவது ஒன்று, அதற்கு மழை ஷவர் என்று பெயர். சுவரிலிருந்து கழுத்தை நீட்டிக்கொண்டிருப்பது ஒன்று. கையில் எடுத்துப் பிடித்துக்கொள்வது ஒன்று. கம்பியில் ஏறி இறங்குவது ஒன்று. பக்கவாட்டில் ஆறு இடத்திலிருந்து பீய்ச்சி அடிப்பதும் உண்டு, அதற்குள் மனுஷனை விடலாமா காரை விடலாமா என்று தெரியவில்லை. விளக்கு எரிவது ஒன்று. தண்ணீர் சுட்டால் சிவப்பு, குளிர்ந்தால் நீலம். பாட்டுப் பாடுகிறதும் இருக்கிறதாம், ஆர்டர் கொடுத்தால் வரவழைப்பார்களாம்.

காலரில் பதினோரு வகை எனக்குத் தெரியும் என்று இத்தனை நாள் பீற்றிக்கொண்டிருந்தவன் நான். இங்கே முப்பத்து நாலு எண்ணினேன். ஒவ்வொன்றையும் கழற்றி உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கக் கை பரபரத்தது. ஒன்றைக் கழற்றியும் விட்டேன். தண்ணீர் வருகிற ஓட்டை எல்லாம் ஊசி ஊசியாக ரப்பர். விரலால் தேய்த்தால் அடைப்பு போய்விடுமாம். அட!

விற்பனைக்காரர் வந்து, "உங்க வீட்டுல பிரஷர் எவ்வளவு சார்?" என்றார்.

மேலே நூற்று நாற்பது, கீழே தொண்ணூறு என்றேன். மனுஷன் சிரிக்கவில்லை. தண்ணீருடைய அழுத்தத்தைக் கேட்டாராம். தெரியாது. தொட்டி எவ்வளவு உயரம்? தெரியாது. குழாய் அரை இஞ்ச்சா முக்கால் இஞ்ச்சா? தெரியாது. அளவே தெரியாமல் துணி வெட்டச் சொல்லி வந்தவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார். அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும். தினமும் நான் நாலு பேரைப் பார்ப்பது அப்படித்தான்.

ஜூன் 8, ஞாயிறு

காலையிலேயே மொட்டைமாடிக்கு ஏறிவிட்டேன். தையல் டேப் அறுபது அங்குலம்தானே, அதனால் இரண்டை ஊசி குத்தி இணைத்து, நுனியில் சின்னக் கத்தரிக்கோலைக் கட்டித் தொங்கவிட்டேன். தொட்டியின் அடியிலிருந்து ஷவர் வரப்போகிற இடம் வரைக்கும் ஏழடி இரண்டு அங்குலம். மழை ஷவர் மழை மாதிரிக் கொட்டத் தொட்டி முப்பதடி உயரத்தில் இருக்க வேண்டும் என்று அந்தக் கடைக்காரர் சொல்லியிருந்தார். நாங்கள் என்ன கோபுரத்திலா குடியிருக்கிறோம்? எங்கள் வீட்டில் அதை மாட்டினால் மூக்கு ஒழுகுகிற மாதிரித்தான் இருக்கும்.

பிறகு வாளிப் பரீட்சை. பத்து லிட்டர் வாளி, கைக்கடிகாரம். குளியலறைக் குழாயில் வாளி நிறைய ஒரு நிமிஷம் ஐம்பது விநாடி. சமையலறைக் குழாயைத் திறந்து வைத்துவிட்டு மறுபடி பிடித்தேன்: மூன்று நிமிஷம் பத்து விநாடி. பாதித் தண்ணீர் அந்தப் பக்கம் ஓடிவிடுகிறது. கீசர் வெந்நீரையும் பச்சைத் தண்ணீரையும் கலந்து வைத்துக்கொண்டு பார்த்தேன் — சமையலறையில் திறந்ததும் பச்சைத் தண்ணீர் குறைந்து வெந்நீர் மட்டும் வந்தது. கையைச் சுட்டுக்கொண்டேன். அப்படியானால் இத்தனை வருஷம் அவள் குளிக்கும்போது நான் சமையலறையில் டம்ளர் கழுவியபோதெல்லாம் உள்ளே என்ன நடந்திருக்கும்? அவள் ஒரு நாளும் சொன்னதில்லையே. அல்லது சொல்லி, எனக்குத்தான் காதில் ஏறவில்லையா?

"அங்க என்ன பண்றீங்க, ஒரு மணி நேரமா தண்ணிய ஊத்தி ஊத்தி?" என்று கூடத்திலிருந்து குரல். வாளி கழுவுகிறேன் என்றேன். "ஒரு மணி நேரமாவா?" பிள்ளைகளின் பொய்யைப் பிடித்தே தலை நரைத்தவள். ஆனாலும் விட்டுவிட்டாள். அதுதான் பயமாக இருக்கிறது.

ஜூன் 9, திங்கள்

அளவு எடுக்கும்போது வாடிக்கையாளர்களைக் கேட்கத் தொடங்கியிருக்கிறேன். "கையைத் தூக்குங்க. நீங்க எப்படிக் குளிப்பீங்க?"

ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு மாதிரி. இத்தனை நாள் எல்லோரும் என்னைப் போலத்தான் குளிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வங்கி மேனேஜர் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு முதுகில் மட்டும் பத்து நிமிஷம் தண்ணீர் விடுவாராம். முடிவெட்டுகிறவர் தலையை மட்டும் ஷவருக்குள் நீட்டி, உடம்புக்குக் குவளையாம். லாரி ஓட்டுகிறவர் சோப்பைத் தொட்டே இரண்டு வருஷம் ஆகிறது என்றார், மூச்சைப் பிடித்துக்கொண்டு இடுப்பளவு எடுத்தேன். ஒரு புது மாப்பிள்ளை மட்டும் முகம் சிவந்து, நான் பேண்ட் தைக்கத்தானே வந்தேன் என்று துணியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். போகட்டும்.

கை ஷவர்தான் நல்லது என்று ஒன்பது பேர், கூரை ஷவர்தான் என்று ஐந்து பேர்.

ஜூன் 12, வியாழன்

பிளம்பர் வந்தார். அவருக்கு இந்தப் பக்கம் முக்கால் இஞ்ச் என்றுதான் பெயர். எந்த வியாதிக்கும் ஒரே மருந்து சொல்வார்: குழாயை முக்கால் இஞ்ச் ஆக்குங்க. அடைப்பா? முக்கால் இஞ்ச். ஒழுகலா? முக்கால் இஞ்ச். டீச்சர் பயிற்சிக்கு உள்ளறையில் இருந்த நேரம் பார்த்து அழைத்து வந்து காட்டினேன். சுற்றிப் பார்த்தார். தொட்டிக்குப் போனார். இறங்கி வந்து, வெகுநேரம் யோசித்தார்.

"மாஸ்டர், தொட்டியிலேர்ந்து குளியலறைக்குன்னு தனியா ஒரு லைன் இழுத்துடலாம். முக்கால் இஞ்ச்."

சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். ஏனென்றால் மனுஷன் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. தனி லைன் வந்தால் சமையலறைக் குழாய் தண்ணீரைத் திருட முடியாது. வேகமும் கூடும், சூடும் குதிக்காது. ஏழடிக்கு ஏற்ற மாதிரி சின்னத் தலை வைத்த கை ஷவர், அதை மாட்ட ஒரு கம்பி. வெந்நீரைக் குறிப்பிட்ட சூட்டிலேயே பிடித்து நிறுத்துகிற ஒரு கலப்புக் குழாய் இருக்கிறது. அதன் கைப்பிடியை முப்பத்தெட்டு டிகிரியில் வைத்துவிட்டால், பொத்தானை அமுக்கினால்தான் அதற்கு மேல் திரும்பும். இத்தனை நாள் எனக்கு இப்படி ஒன்று இருக்கிறதே தெரியாது. யார் கண்டுபிடித்தார்களோ, அவர்கள் வீட்டிலும் ஒரு டீச்சர் இருந்திருக்க வேண்டும்.

ஜூன் 13, வெள்ளி

வெளியூரில் வேலை பார்க்கிற மகள் போன் பண்ணினாள். அவளிடம் மட்டும் ரகசியத்தைச் சொல்லியிருந்தேன். அம்மாவுக்கு மழை ஷவர்தான் வைக்க வேண்டும், படம் அனுப்பியிருக்கிறேன் பாருங்கள், பணம் நான் தருகிறேன் என்றாள். ஏழடி இரண்டு அங்குலம் என்றேன். என்னப்பா உளர்றீங்க என்றாள். வாளி, விநாடி, முப்பதடி எல்லாம் விளக்கினேன். பிறகு, "அம்மாக்கு எது பிடிக்கும்னு கேட்டீங்களா?" என்றாள்.

வைத்த பிறகு பிடிக்கும் என்றேன்.

ஜூன் 17, செவ்வாய்

நாளைக்கு வேலை ஆரம்பம். குளியலறை மூன்று நாளைக்கு இருக்காது என்பதால், மச்சினி வீட்டில் கொண்டுபோய் விட்டேன். குழாய் மாற்ற வேண்டும் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். "குழாய் மாத்துறதுக்கு மூணு நாளா?" என்றாள். முக்கால் இஞ்ச் என்றேன். நம்பிவிட்டாள்.

எனக்கு ஒரு பள்ளிக்கூடத்துச் சீருடை ஆர்டர், நூற்று இருபது சட்டை, வெள்ளிக்குள் கொடுத்தாக வேண்டும். பக்கத்தில் நின்று பார்க்க முடியாது. அதனால் ஒரு யோசனை செய்தேன், எனக்கே என் மேல் பெருமையாக இருந்தது. வெட்டு மாதிரி எடுக்கிற பழுப்புத் தாள் இருக்கிறதே, அதில் சுவருக்குச் சுவர் அளவாக ஒரு முழு மாதிரி வெட்டினேன். உட்காரும் பலகை இங்கே, கம்பி இங்கே, பிடித்து எழுந்திருக்க ஒரு கைப்பிடி இங்கே, குழாயின் கைப்பிடி இங்கே என்று சாக்கட்டியால் குறித்து, ஒவ்வொரு இடத்திலும் ஓட்டை போட்டேன். பலகையில் அவள் சுவருக்கு முதுகு கொடுத்து உட்காருவாள். குழாயின் கைப்பிடி அவளுடைய வலது பக்கம். உயரம் எல்லாம் அவள் சட்டை அளவிலிருந்து. தோள் உயரம், கை நீளம் எனக்கு மனப்பாடம்.

முக்கால் இஞ்ச்சிடம் கொடுத்து, அப்படியே சுவரில் ஒட்டி ஓட்டை இருக்கிற இடத்தில் துளை போட்டால் போதும், யோசிக்கவே வேண்டாம் என்றேன்.

ஜூன் 20, வெள்ளி

முடிந்துவிட்டது! சட்டையும் கொடுத்தாயிற்று, ஷவரும் வந்தாயிற்று. சாயங்காலம் போய்ப் பார்த்தேன். பளபளவென்று, ஒரு நூல் கோணல் இல்லை. சுவரைப் பார்த்து நின்று வலது கையை நீட்டினேன், கைப்பிடி கைக்குள் வந்து உட்கார்ந்தது. முப்பத்தெட்டில் வைத்துத் திறந்தேன். சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டு ஓடிவந்து கையை வைத்துப் பார்த்தேன். சூடு அசையவில்லை. நாலு தடவை ஓடினேன். அசையவில்லை!

நாளைக்கு அவளை அழைத்து வருகிறேன்.

ஜூன் 21, சனி

எழுதவே பிடிக்கவில்லை.

கதவைத் திறந்து காட்டினேன். பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி அதைப் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது. "இதுக்குத்தானா வாளி கழுவினீங்க?" என்றாள். உட்கார்ந்து பார்க்கிறேன் என்று உடையோடு போய்ப் பலகையில் உட்கார்ந்தாள். நான் வெளியே வந்து கதவைச் சாத்தப் போனேன். சாத்தினேன் என்றுகூடச் சொல்ல முடியாது, கை கதவில்தான் இருந்தது.

உள்ளே சத்தம்.

குழாயின் கைப்பிடி அவளுக்கு இடது பக்கம் இருந்திருக்கிறது. இடது கை எழவில்லை. வலது கையைக் குறுக்கே நீட்டி எட்டிப் பார்த்திருக்கிறாள், இடது கால் தாங்கவில்லை, அப்படியே சரிந்துவிட்டாள். நான் உள்ளே பாயும்போது தரையில் இருந்தாள். இடுப்பில் கன்றிவிட்டது, எலும்புக்கு ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனா நான் பார்த்தேனே அவ முகத்தை. வலியில்ல அது. இனிமே இது நமக்கு ஆகாதுன்னு ஒரு முகம். அதை நான் பார்க்காம இருந்திருக்கக் கூடாதா?

முக்கால் இஞ்ச்சை போனில் கூப்பிட்டுக் கண்டபடி கத்தினேன். அவர் கோபப்படவில்லை. ஓடி வந்தார், தாளைக் கையோடு கொண்டு வந்தார். "நீங்க குறிச்ச பக்கம் தெரியுற மாதிரித்தான் மாஸ்டர் ஒட்டினேன்" என்றார்.

தாளைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. துணியில் நாங்கள் நல்ல பக்கத்தில் கோடு போட மாட்டோம். துணியைக் கவிழ்த்துப் போட்டு, பின்பக்கத்தில்தான் சாக்கட்டி பிடிப்போம். முப்பது வருஷப் பழக்கம். தாளையும் அப்படியே கவிழ்த்து, பின்பக்கம் குறித்திருக்கிறேன். என் கணக்குப்படி கோடு போட்ட பக்கம் சுவரோடு ஒட்ட வேண்டும். அவருக்கு எப்படித் தெரியும்? உலகத்தில் யார் கோட்டை மறைத்து ஒட்டுவார்கள்? வலது எல்லாம் இடதாகிவிட்டது. நேற்று நானே போய் நின்று பார்த்தேனே — நின்றுதானே பார்த்தேன். சுவரைப் பார்த்து நின்றேன், சுவருக்கு முதுகு கொடுத்து ஒரு தடவை உட்கார்ந்து பார்க்கத் தோன்றவில்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அந்தக் கதைதான். பாவம், நல்ல மனுஷனைப் பேசிவிட்டேன். மன்னிப்புக் கேட்டேன். டீச்சரைப் பார்த்துக்கோங்க என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஜூன் 22, ஞாயிறு

வாளி. குவளை. நான். அவள் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஜூன் 23, திங்கள்

கடைக்குப் போகவில்லை. சுவரை உடைத்து எல்லாவற்றையும் இடம் மாற்றிவிடலாம், முக்கால் இஞ்ச்சை வரச் சொல்லட்டுமா என்று கேட்டேன். அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

"வங்கி மேனேஜர் எப்படிக் குளிக்கிறார்னு கேட்டீங்க. லாரிக்காரரைக் கேட்டீங்க. முடிவெட்டுறவர் சம்சாரம் தெருவுல சொல்லிச் சிரிக்கிறா. குளிக்கப்போறது நானு. என்னைக் கேட்டீங்களா?"

அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

நான் கேட்டேன். இருபத்தெட்டு வருஷத்தில் முதல் தடவையாக. நீ எப்படிக் குளிப்பே?

சிரிப்பு வருகிற மாதிரி இருந்தது, வரவில்லை. முதலில் பாதத்துக்கு ஊற்றிக்கொள்வாளாம். பிறகு முட்டி, பிறகு தோள். தலைக்குக் கடைசியில்தான், அதுவும் பின்பக்கமாகச் சாய்ந்து. எடுத்த எடுப்பில் தலையில் தண்ணீர் விழுந்தால் அவளுக்குச் சின்ன வயசிலிருந்தே மூச்சு முட்டும். மழை ஷவர் வைத்திருந்தால் அந்தப் பக்கமே போயிருக்க மாட்டாளாம். குளிக்கும்போது மறுநாள் நடத்தப்போகிற பாடத்தை வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பாளாம். உள்ளே முணுமுணுப்புக் கேட்கும்போதெல்லாம் என்னைத்தான் திட்டுகிறாள் என்று நான் நினைத்திருந்தேன். "அதுவும் உண்டு" என்றாள்.

ஒன்று மட்டும் கேட்டேன். நாலு மாசமா எடுத்த எடுப்புல உன் தலையிலதானே ஊத்தினேன், ஏன் ஒரு வார்த்தை சொல்லல?

"சொன்னா அதையும் சரியா செய்யணும்னு இன்னும் கால் மணி நேரம் நிப்பீங்க. எனக்கு அது எப்படா முடியும்னு இருக்கும்."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருக்கலாம். நான் எழுந்து சமையலறைக்குப் போய்ச் சும்மா நின்றேன்.

ஜூன் 24, செவ்வாய்

சாயங்காலம் அவளாகவே, குளியலறைக்குக் கூட்டிட்டுப் போங்க என்றாள். வேண்டாம் என்றேன். பயம்தான். கூட்டிட்டுப் போங்கன்னா கூட்டிட்டுப் போங்க என்றாள். டீச்சர் குரல்.

வாசலில் நின்று சுவரைப் பார்த்தாள், எதிர்ச் சுவரைப் பார்த்தாள். வகுப்பில் உலகப் படத்தைப் பார்க்கிற மாதிரி. பிறகு, பிளாஸ்டிக் ஸ்டூலைக் கொண்டுவந்து எதிர்ச் சுவரை ஒட்டிப் போடச் சொன்னாள். போட்டேன். என் தோளைப் பிடித்துக்கொண்டு அதில் உட்கார்ந்தாள். ஷவரும் கைப்பிடியும் இப்போது அவளுக்கு நேர் எதிரே. வலது கையை நீட்டினாள். எட்டியது. சும்மா எட்டவில்லை, சாயாமல், எக்காமல் எட்டியது. எங்கள் குளியலறை மூன்றேகால் அடி அகலம்தான் — குறுகல், குறுகல் என்று எத்தனை வருஷம் குறை சொல்லியிருக்கிறோம்.

"சுவரை எதுக்கு உடைக்கணும்? படம் புரியலேன்னா பிள்ளைங்க பூமியைத் திருப்புவாங்களா, தாளைத் திருப்புவாங்களா?"

உட்காருகிற ஆளைத் திருப்பிவிட்டால் இடது வலதாகிவிடுகிறது. எனக்கு இது ஏன் தோன்றவில்லை? அதோடு இல்லை. நான் முதலில் போட்ட கணக்குச் சரியாகவே அமைந்திருந்தாலும், அவள் கழுத்தைத் திருப்பித்தான் முப்பத்தெட்டு என்ற எண்ணைப் பார்த்திருக்க வேண்டும். இப்போது அது முகத்துக்கு நேரே இருக்கிறது. எழுந்திருக்கப் பிடிக்கிற கைப்பிடியும் முன்னால் இருப்பதால், வலது கையால் பிடித்து இழுத்து எழுந்துவிடுகிறாள். என் திட்டத்தைவிட என் தப்பு நல்ல திட்டம். இதை யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியாது.

ஷவர் தலையைச் செருகும் கொக்கியை மட்டும் ஒன்றரைச் சாண் கீழே இறக்கச் சொன்னாள். ஒரு கைதானே, சோப்புப் போடும்போது ஷவரைத் தொங்கவிட வேண்டுமே என்றாள். அந்த ஒன்றரைச் சாணை நான் யாரிடம் கேட்டும் தெரிந்துகொண்டிருக்க முடியாது.

ஜூன் 28, சனி

முக்கால் இஞ்ச் வந்து பலகையை எதிர்ச் சுவருக்கு மாற்றினார். பழைய ஓட்டைகளை வெள்ளைச் சிமெண்ட் வைத்து அடைத்தார். இந்த முறை தாள் கிடையாது. டீச்சரே ஸ்டூலில் உட்கார்ந்து, இங்க, இன்னும் கீழ, அங்கதான் என்று சொல்லச் சொல்ல அவர் பென்சிலால் குறித்தார். என்னை உள்ளே விடவில்லை. மூன்று பேருக்கு இடமில்லையாம்.

ஜூலை 2, புதன்

இன்றைக்கு.

துண்டு, மாற்றுடை, சோப்பு எல்லாவற்றையும் எங்கே வைக்க வேண்டும் என்று அவளே சொன்னாள். கால் வழுக்காத விரிப்பைப் போட்டேன். தாழ்ப்பாள் போடாதே, சாத்தினால் போதும் என்று கெஞ்சினேன். அதற்குச் சம்மதித்தாள். பிறகு என்னைப் பார்த்து, "கதவுக்கிட்ட நிக்காதீங்க" என்றாள். சரி என்றேன். கதவு சாத்திக்கொண்டது.

நின்றேன். எங்கே போவேன்?

முதலில் ஒன்றும் கேட்கவில்லை. ஏதாவது ஒரு சத்தம் வராதா என்று இருந்தது, வந்துவிடுமோ என்றும் இருந்தது. பிறகு தண்ணீர். தரையில் விழுகிற சத்தம் — பாதத்துக்கு. சத்தம் மாறியது, முட்டி. பிறகு ஷவரைக் கொக்கியில் மாட்டுகிற சத்தம். கொஞ்ச நேரம் நிசப்தம், சோப்பு. கதவில் கையை வைத்துவிட்டேன். அப்போது உள்ளேயிருந்து மெதுவாக, "காற்றுகள் மூன்று வகைப்படும்" என்றது குரல். கோள் காற்றுகள், பருவக் காற்றுகள், தலக் காற்றுகள். ஒவ்வொன்றாக விளக்கமாக.

பள்ளிக்கூடத்தில் எனக்கு ஏறாத பாடம். கதவுக்கு வெளியே நின்று முழுசாகக் கேட்டேன், அழுதுகொண்டே. இருபத்தாறு நிமிஷம். வெளியே வந்தவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நிக்க வேண்டாம்னு சொன்னேனே" என்றாள். நைட்டிக்கு மேலே தெரிந்த முதுகில் ஒரு பக்கம் சோப்பு போகவில்லை. நான் சொல்லவில்லை.

ஜூலை 6, ஞாயிறு

இன்று கூடம் வரைக்கும் தள்ளி நின்றேன். அங்கிருந்தும் கேட்கிறது.

ஜூலை 19, சனி

பதினெட்டாவது நாள். பயம் போகவில்லை. நேற்று சோப்பு டப்பா விழுந்ததற்கு நான் ஓடிப்போய் கதவைத் தட்ட, அவள் ஈரத்தோடு கத்தினாள். நாலு தட்டு தட்டினேன். "ஒவ்வொண்ணுக்கும் வந்து தட்டினா நான் எப்படிக் குளிக்கிறது?" என்றாள். நியாயம்தான். ஆனால் அந்தச் சத்தம் எனக்கு வயிற்றில் கேட்கிறது, காதில் இல்லை.

முதுகுக்கு நீளக் காம்பு வைத்த தேய்ப்பான் ஒன்று அவளாகவே வாங்கிக்கொண்டாள். நான் எதையும் சொல்லவில்லை. சத்தியமாக.

ஆகஸ்ட் 11, திங்கள்

காலையில் வீட்டில் பெரிய சண்டை. ஒன்பது மணிக்கு வங்கி மேனேஜர் புதுசாகத் தைத்த கோட்டைப் போட்டுப் பார்க்க வருகிறேன் என்றிருந்தார். எட்டு மணிக்குத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு போனால் குளியலறை சாத்தியிருக்கிறது. எட்டேகால். எட்டரை. உள்ளே மலைத்தொடர்கள் ஒன்றொன்றாகப் போய்க்கொண்டிருக்கின்றன. தாழ்ப்பாள் வேறு. எப்போதிலிருந்து தாழ்ப்பாள் போடுகிறாள்?

டமடமவென்று தட்டினேன். "டீச்சர்! ஊர்ல ஒருத்தருக்கும் வேலை இல்லைன்னு நினைப்பா? வெளிய வா!" என்றேன்.

"அவசரம்னா பக்கத்து வீட்டுல போய்க் குளிங்க" என்று பதில் வந்தது. தண்ணீர் நிற்கவில்லை.

கோபத்தில் முகத்தை மட்டும் கழுவிக்கொண்டு, சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்கு வந்துவிட்டேன். வாசலைத் தாண்டும்போதும் ஏதோ கத்திவிட்டுத்தான் வந்தேன். மேனேஜர் வந்து போனார். இரண்டு பேண்ட் வெட்டினேன். மூன்றாவதற்குத் துணியை விரித்தபோதுதான் உறைத்தது. கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

இன்றைக்கு அந்தக் கதவைத் தட்டும்போது எனக்குப் பயமாகவே இல்லை. வெறும் கோபம்தான்.